பரோட்டாக் கல்லும் குழந்தைக் கவலையும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வாயுத் தொல்லையைப் பற்றி எழுதும்போது, குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் ஆண்களின் விந்தணுவுக்கும் தொடர்பு இருக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வாயுவைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை, அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதம். பாதிக்கு மேல் நம்ம வடசென்னை ஏரியாதான், வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும். எல்லாருமே பெயர் போடாதீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள், போடவில்லை.

*டாக்டர், எனக்கு 32 வயசு, பரோட்டா மாஸ்டர். கல்யாணமாகி மூன்றரை வருஷம் ஆகிறது, குழந்தை இல்லை. வீட்டில் அவளுக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, குறை ஒன்றும் இல்லையாம். எனக்குக் கவுண்ட் 11 மில்லியன், ஓட்டம் 28 சதவீதம். ராத்திரி ஒரு மணிக்குக் கடையை மூடிவிட்டு மிச்சம் இருக்கிற நாலு பரோட்டாவை சால்னாவில் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டு அப்படியே படுத்துவிடுவேன். காலையில் வயிறு கும்மென்று இருக்கும். வயிற்றுக் கிருமி சரியில்லாததால்தான் கவுண்ட் குறைகிறது என்று மச்சான் போனில் படித்துவிட்டுச் சொல்கிறான். நிஜமா? அதற்கு மாத்திரை உண்டா? (பழைய வண்ணாரப்பேட்டை)*

தம்பி, மச்சான் சொன்னது பாதி நிஜம். மீதிப் பாதியை அவர் போனில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில் ரிப்போர்ட். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் ஒரு மில்லிக்கு 16 மில்லியன், அதாவது 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், ஓட்டம், அதாவது அவற்றில் நகர்கிற அணுக்கள், 42 சதவீதம் என்று கீழ்க்கோடு போட்டிருக்கிறார்கள். இந்தக் கோடு எப்படி வந்தது என்றால், முயற்சி செய்த ஒரு வருஷத்துக்குள் மனைவி கர்ப்பமான ஆண்களை அளந்து பார்த்து, அவர்களில் கடைசி 5 சதவீதம் பேர் எங்கே நிற்கிறார்களோ அங்கே போட்டது. கோட்டுக்குக் கீழே இருந்தே அப்பா ஆனவர்கள் அந்தக் கணக்கிலேயே இருக்கிறார்கள் என்று அர்த்தம். உங்களுக்கு நாள் பிடிக்கலாம், உதவி தேவைப்படலாம், ஆனால் 11 என்பது பூஜ்யம் இல்லை. அப்புறம், ஒரே ஒரு டெஸ்ட்டை வைத்து எதையும் முடிவு பண்ணக் கூடாது. ரெண்டு மூணு மாசத்துக்கு முன்னால் டெங்குவோ டைஃபாய்டோ வந்து நல்ல காய்ச்சல் அடித்திருந்தால் அதுவே கவுண்ட்டை இறக்கிவிடும்.

இப்போது வயிறு. நம் குடலில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாக 2016இல் ஒரு கணக்கு போட்டார்கள். அவற்றுக்குச் சாப்பாடு, நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்து. கீரை, அவரை, காராமணி, சுண்டல், கொய்யா எல்லாம் பெருங்குடலுக்குப் போனதும் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்று ஒரு கொழுப்பு அமிலம் செய்கின்றன, குடல் சுவர் பிழைப்பதே பெரும்பாலும் அதை நம்பித்தான். இந்தச் சுவரைத் துறைமுகத்து ஜீரோ கேட் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் இருந்தால் ஒவ்வொரு லாரியாகப் பேப்பர் பார்த்துத்தான் விடுவார்கள். மைதாவும் எண்ணெயும் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தால் கேட்டில் நிற்கிற ஆளுக்குச் சம்பளம் இல்லை. அந்த நேரத்தில் பாக்டீரியாவின் மேல்தோல் துண்டு, எண்டோடாக்ஸின் என்போம், ரத்தத்துக்குள் நுழைகிறது. கொழுப்பு அதிகமாகச் சாப்பிட்டால் அது இன்னும் சுலபமாக ஏறிக்கொள்கிறது. உடம்பு அதைக் கிருமித் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு, காய்ச்சல் வராத அளவுக்கு உள்ளுக்குள்ளேயே ஒரு அழற்சியைக் கிளப்பிவிடும். இந்த அழற்சி விரைக்குப் போனால் டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது, விந்தணுவின் மரபணுவில் சேதம் ஆகிறது என்று ஆஸ்திரேலியாவில் ட்ரெமெல்லன் என்ற டாக்டர் 2016இல் ஒரு கோட்பாடாகவே எழுதினார்.

எலியில் இது நன்றாகத் தெரிகிறது. கொழுப்புச் சாப்பாடு போட்டு வளர்த்த எலியின் குடல் பாக்டீரியாவை எடுத்து, சாதாரணச் சாப்பாடு சாப்பிடும் எலிக்கு மாற்றினார்கள். ரெண்டாவது எலி கொழுப்பே சாப்பிடவில்லை, இருந்தும் அதன் விந்தணு எண்ணிக்கையும் ஓட்டமும் குறைந்தன. 2020இல் வந்தது இது. சாப்பாடு மட்டும் இல்லை, அந்தச் சாப்பாட்டால் மாறிப்போன பாக்டீரியாவே வேலையைக் காட்டுகிறது என்று அதிலிருந்து தெரிந்தது.

ஆனால் நீங்கள் எலி இல்லை. மனிதர்களிடம் இன்றுவரை கையில் இருப்பது பெரும்பாலும், இப்படிச் சாப்பிடுகிறவர்களுக்குக் கவுண்ட் இப்படி இருக்கிறது என்கிற வகைக் கணக்குதான். நல்ல பாக்டீரியா கேப்ஸ்யூல் கொடுத்துச் செய்த சோதனைகள் எல்லாம் சின்னச் சின்னது, அதை நம்பி மாசம் ஆயிரக்கணக்கில் செலவு பண்ணச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தக் காசுக்குக் கீரை வாங்குங்கள்.

கடிதத்தில் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்தக் கல். தினமும் ஏழெட்டு மணி நேரம் இடுப்பு உயரத்தில் கொதிக்கிற இரும்பு முன்னால் நிற்கிறீர்கள். விரை உடம்புக்கு வெளியே தொங்குவதே உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். பேக்கரி அடுப்பு, வெல்டிங் என்று வேலை பார்க்கிறவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. வேலையை விடுங்கள் என்று சொல்ல நான் யார். கூட இருக்கிற தம்பியைக் கல்லுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் கொஞ்ச நாள் மாவு வீசும் பக்கம் நிற்க முடியுமா என்று முதலாளியிடம் கேளுங்கள், முடியாவிட்டால் மணிக்கு ஒரு தரமாவது வெளியே வந்து காற்று வாங்குங்கள். லுங்கி கட்டிக்கொண்டுதான் நிற்கிறீர்கள் என்றால் நல்லது, ஜீன்ஸுக்கு மாறிவிடாதீர்கள்.

சாப்பாட்டை ஏழு மணிக்கு, கூட்டம் வருவதற்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ்: சோறு, கீரைக் கூட்டு, கொத்தவரங்காயோ காராமணியோ ஒரு பொரியல். ஒரு மணிக்குப் பசித்தால் வாழைப்பழமும் மோரும் போதும். பரோட்டாவே வேண்டாம் என்று உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள், வாரம் ரெண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். வனஸ்பதி போடுகிற கடையா என்று மட்டும் பாருங்கள். வனஸ்பதியில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு அதிகம் சாப்பிட்ட இளைஞர்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறைவாக இருந்ததை ஸ்பெயினில் பார்த்திருக்கிறார்கள். இந்தியாவிலும் 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் டப்பாவில் இருக்கும் எண்ணெய்க்கு, பத்து தரம் காய்ந்த சட்டியை யார் அளக்கப் போகிறார்கள்.

இதெல்லாம் மாற்றிவிட்டு அடுத்த மாசமே டெஸ்ட் எடுக்காதீர்கள். ஒரு விந்தணு உருவாக 74 நாள் ஆகிறது, அதற்கு மேல் வெளியே வரும் பாதையில் கொஞ்ச நாள், ஆக மூன்று மாசம். ஆடியில் ஆரம்பித்தால் ஐப்பசியில் டெஸ்ட். அந்த மூன்று மாசத்தைச் சும்மா கழிக்காமல் யூராலஜிஸ்ட்டிடம் போய் விரைப்பையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வெரிகோசீல் என்று அங்கே ரத்தக்குழாய் புடைத்திருந்தால் அதற்கு வைத்தியம் உண்டு. குழந்தை இல்லை என்று வரும் ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருத்தருக்கு அது இருக்கிறது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம், டோக்கனுக்குக் காலையிலேயே போய்விடுங்கள்.

*மூன்று வருஷமாக நான்தான் ஸ்கேன், ரத்தம், ஊசி என்று அலைகிறேன். அவர் டெஸ்ட்டுக்கு வரவே மாட்டேன் என்கிறார். எங்கள் வம்சத்தில் அப்படி யாருக்கும் இல்லை என்று மாமியார் சொல்கிறார். சாப்பாட்டை மாற்றினால் டெஸ்ட் இல்லாமலே சரியாகிவிடுமா? (வியாசர்பாடி)*

ஆகாது அம்மா. எதைச் சரி பண்ணுகிறோம் என்று தெரியாமல் எதை மாற்றுவது? குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. உங்களுக்கு எடுத்த டெஸ்ட்டுகளில் பத்தில் ஒரு பங்கு சிரமம்கூட அவருக்கு இல்லை. ஊசி இல்லை, வலி இல்லை. ரெண்டு நாளிலிருந்து ஏழு நாள் வரை உறவு இல்லாமல் இருந்துவிட்டு, லேப் கொடுக்கும் டப்பாவில் எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அங்கே போய் எடுக்கக் கூச்சம் என்றால் வீட்டில் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோகலாம், எப்படிக் கொண்டுபோவது என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பல வருஷத்துக்கு முன்னால் காசிமேட்டிலிருந்து ஒரு அண்ணன் வந்தார், போட்டுக்காரர். தெர்மோகோல் பெட்டியைத் திறந்தால் உடைத்த ஐஸ், ஐஸுக்கு நடுவில் பாலிதீன் கவரில் சுற்றிய டப்பா. "கெட்டுப் போயிடக் கூடாதுன்னு ஃப்ரெஷ்ஷா எடுத்தாந்தேன் டாக்டர்" என்றார். மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் அசையவில்லை. ஐஸில் வைத்தால் அணுக்களின் ஓட்டமே போய்விடும். சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வைத்துக் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். அடுத்த வாரம் வந்த ரிப்போர்ட் நன்றாகவே இருந்தது. இந்தக் கதையை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சிரிக்கவில்லை என்றால் அவர் டெஸ்ட் எடுக்கும் வரை நீங்களும் இனி ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ளாதீர்கள். மாமியாருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, அவர் இந்தப் பத்திரிகை படிப்பவர் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

*ஜிம்முக்குப் போகிறேன், 26 வயசு. தினம் பத்து முட்டை, முக்கால் கிலோ கோழி, பவுடர். சோறு, காய் கிடையாது. மோஷன் மூன்று நாளைக்கு ஒரு தரம்தான். வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி மாஸ்டர் போட்டுவிடுகிறார். தை மாசம் கல்யாணம். வயிறு இப்படி இருந்தால் பிற்பாடு பிரச்சினை வருமா? (திருவொற்றியூர்)*

வயிறு கிடக்கட்டும் தம்பி, ஊசிதான் பிரச்சினை.

ஆண்மை ஹார்மோனைத்தானே போடுகிறோம், ஆண்மை கூடத்தானே செய்யும் என்று நினைக்கிறீர்கள். நடப்பது நேர் தலைகீழ். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை, சரக்கு நிறைய இருக்கிறது என்று நினைத்து விரைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடுகிறது. உத்தரவு நின்றால் விந்தணு உற்பத்தி நிற்கும், பல பேருக்குக் கவுண்ட் பூஜ்யத்துக்கே போகும், விரை சுருங்கும். கண்ணாடி முன்னால் நின்றால் புஜம் மட்டும்தான் தெரியும், இது தெரியாது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப வருகிறது, ஆனால் ஆறு மாசம், ஒரு வருஷம், சில பேருக்கு அதற்கும் மேல். ஹார்மோன் டாக்டர், அதாவது ஒரு என்டோகிரைனாலஜிஸ்ட்டைப் பார்த்து ஹார்மோன் டெஸ்ட், செமன் டெஸ்ட் ரெண்டும் எடுத்துக்கொண்டு அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள், இந்த வாரமே. மாஸ்டர் வேறு ஏதாவது மாத்திரை கொடுத்துச் சரி பண்ணுகிறேன் என்பார். அவர் டாக்டர் இல்லை.

மோஷனுக்கு: மனுஷன் நார்ச்சத்தே இல்லாமல் எப்படிப் போவான்? பத்து முட்டையை நாலாக்கி, பாக்கி இடத்தில் கருப்புக் கொண்டைக்கடலைச் சுண்டலைப் போடுங்கள். அதிலும் புரோட்டீன் இருக்கிறது, மாஸ்டரிடம் காட்டுங்கள்.

*பழைய சோறு சாப்பிட்டால் ஆண்களுக்குச் சூடு தணிந்து விந்து கட்டும் என்கிறார்களே, மருமகனுக்குத் தினமும் கொடுக்கிறேன். முருங்கைக்காயும் செய்கிறேன். சரியா? (கொருக்குப்பேட்டை)*

கொடுங்கள் அம்மா, மாமியார் கையால் பழைய சோறு கிடைக்கிற மருமகன் கொடுத்து வைத்தவர். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் காலையில் லாக்டிக் அமிலப் பாக்டீரியா பெருகியிருக்கும், கொஞ்சம் புளிப்பு வருவது அதனால்தான். நம்ம ஸ்டான்லி மருத்துவமனையிலேயே, நாள்பட்ட குடல் அழற்சி உள்ளவர்களுக்கு இது உதவுமா என்று குடல் அறுவை சிகிச்சைத் துறையினர் ஆராய்ச்சியில் இறங்கினார்கள். கவனியுங்கள், அது குடலுக்கு. விந்துவுக்கு என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். வயிறு நன்றாக இருந்தால் மற்றதற்கும் நல்லது, அந்த அளவில் நிறுத்திக்கொள்வோம். வெயில் காலத்தில் ரொம்ப நேரம் வெளியே வைத்துக் கெட்ட வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள், தொட்டுக்கொள்ள உப்பில் ஊறிய மோர் மிளகாய்க்குப் பதில் சின்ன வெங்காயம் கொடுங்கள், பாக்டீரியாவுக்கும் அது பிடிக்கும். முருங்கைக்காய்க்கு ஊரில் இருக்கிற பேர் வேறு, அதில் இருப்பது நார்ச்சத்து. சாம்பாருக்கு நல்லது.

*பெருங்குடல் புண் நோய்க்கு நாலு வருஷமாக சல்ஃபாசலசின் மாத்திரை சாப்பிடுகிறேன். வயிறு கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆனால் கவுண்ட் ரொம்பக் கம்மி என்று வந்திருக்கிறது. நோயால்தானா? (எண்ணூர்)*

மாத்திரையாலேயே இருக்கலாம். சல்ஃபாசலசின் விந்தணு எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் குறைக்கும் என்பது பல வருஷமாகத் தெரிந்த விஷயம், நிறுத்தினால் ரெண்டு மூணு மாசத்தில் திரும்ப ஏறும் என்பதும் தெரிந்ததுதான். இருந்தாலும் மருந்துச் சீட்டு எழுதும் அவசரத்தில் கல்யாணமான பையனா, குழந்தைக்குத் திட்டம் இருக்கிறதா என்று கேட்க மறந்துவிடுகிறோம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீங்களாக நிறுத்தாதீர்கள், புண் திரும்பவும் கிளம்பினால் அதுவே உடம்பைக் கெடுக்கும். குடல் டாக்டரிடம் போய், குழந்தைக்கு முயற்சி செய்கிறோம், மெசாலமின் என்ற வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று இதே வார்த்தையில் கேளுங்கள். இந்தத் தடவை வந்த கடிதங்களிலேயே சீக்கிரம் தீரக்கூடிய கேஸ் உங்களுடையதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

*மாசம் 4,500 ரூபாய்க்கு ஜிங்க், ஃபோலிக் ஆசிட் பவுடர் வாங்குகிறோம். தொடரலாமா? (புளியந்தோப்பு)*

வேண்டாம். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்து, ஆண்களில் பாதிப் பேருக்கு ஆறு மாசம் ஜிங்க்கும் ஃபோலிக் ஆசிடும், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள், 2020இல் முடிவு வந்தது. குழந்தை பிறந்த கணக்கில் வித்தியாசம் இல்லை, விந்தணுவிலும் முன்னேற்றம் இல்லை, வயிற்றுக் கோளாறு மட்டும் மருந்து சாப்பிட்டவர்களுக்குக் கூடுதல். மாறாக, தினம் ரெண்டு கைப்பிடி அளவுக்கு அக்ரூட், பாதாம் மாதிரிக் கொட்டைகள் சாப்பிட்டவர்களுக்கு மூன்று மாசத்தில் ஓட்டம் கூடியது என்று அமெரிக்காவில் ஒன்று, ஸ்பெயினில் ஒன்று என ரெண்டு ஆராய்ச்சி இருக்கிறது. அந்த ரெண்டிலும் விலை குறைந்த வேர்க்கடலை இல்லை, ஆனால் 4,500 ரூபாய் மிச்சமானால் அக்ரூட்டே வாங்கலாம்.

*வயிற்றால் போனால் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஆன்டிபயாடிக் ரெண்டு வாங்கிப் போட்டுக்கொள்வேன், வருஷத்துக்கு நாலைந்து தரம். இதுவும் பாதிக்குமா? (ராயபுரம்)*

ஆண் எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவைக் குலைத்தபோது விரை சிறுத்தது, விந்தணு குறைந்தது, அவற்றுக்குப் பிறந்த குட்டிகள்கூட எடை குறைந்து பிறந்தன. தாய் எலிக்கு மருந்தே கொடுக்கவில்லை. 2024இல் இத்தாலியில் செய்தது. மருந்தை நிறுத்திக் குடல் தேறிய பிறகு உண்டான குட்டிகள் சரியாகவே இருந்தன, அது ஆறுதல். மனிதர்களுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் சாதாரண வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக்கே தேவை இல்லை, உப்பு சர்க்கரைக் கரைசல் போதும், ரத்தம் கலந்து போனாலோ காய்ச்சல் இருந்தாலோ டாக்டரிடம் வாருங்கள். ரெண்டு மாத்திரை கணக்கு எந்தக் கிருமிக்கும் பத்தாது.

*மீன் சாப்பிட்டால் நல்லது என்கிறீர்கள், எந்த மீன்? வஞ்சிரம் விலை தெரியுமா உங்களுக்கு? (காசிமேடு)*

தெரியும், நானும் வாங்குகிறேன். வஞ்சிரம் வேண்டாம், மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போதும், ஒமேகா 3 கொழுப்பு மத்தியில் அள்ளிக்கொண்டு இருக்கிறது. குழம்பு வையுங்கள், சட்டி எண்ணெயில் முறுக வறுக்காதீர்கள். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலத்தில் என்ன செய்வது என்று அடுத்த கடிதம் போடாதீர்கள், அப்போதும் ஃபைபர் போட்டுக்காரர்கள் கொண்டுவருகிறார்கள், விடிகாலை நாலு மணிக்குப் போனால் கிடைக்கும்.